திணையும் பெயரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் அருகே அமைந்த பேரூர் மம்சாபுரம். அங்கிருந்து புறப்படும் நகரப் பேருந்தில் ஒரு திருநங்கை ஏறுகிறார் என்க. "அக்கா, உள்ளே வாங்க" என்கிறார் ஒருவர். "அது எங்கே இறங்குதாம்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார் இன்னொருவர். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு வழங்கப்பட்ட கட்டணமில்லாப் பயணத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டிலேயே திருநங்கையருக்கும் விரிவாக்கியது. ஆகவே பயணச்சீட்டில் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல் 'அது' என்னும் சுட்டில் இருக்கிறது. அந்த ஒரு சொல் ஒரு மனிதரை உயர்திணையிலிருந்து இறக்கி அஃறிணையில் வைத்துவிடுகிறது.

பாலின அடையாளங்களைக் குறிக்கும் சொற்கள் மேலைநாட்டிலிருந்து வந்த புதிய வழக்கம் என்று கருதுவோர் உளர். தமிழ் இலக்கணம் படித்தவர் அவ்வாறு சொல்ல இயலாது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணையையும் பாலையும் வகுத்த உடனேயே, ஆண்மை திரிந்தோரின் பெயர் எந்த ஈறு கொள்ளும் என்று வினவிக்கொள்கிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே கொள்வர் என்பது அதன் விடை. அந்த நூற்பாவில் அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டிருப்பது தெய்வத்தைக் குறிக்கும் பெயர் என்பதை மாணவர் பலர் கவனிப்பதில்லை. பின்வந்த நன்னூல் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால். பிறந்த உடலைக் கொண்டு அன்று, விருப்பத்தைக் கொண்டு பால் வகுக்கிறார் பவணந்தி முனிவர். தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரல் 15 அன்றுதான்.

ஆயினும் பழமையைப் போற்றி அமைதி கொள்வதற்கில்லை. அதே நன்னூல் நூற்பா, இவ்விரு பிரிவினரும் அஃறிணை போலவும் வருவர் என்று முடிகிறது. பேருந்தில் ஒலித்த 'அது' அந்த வாயில் வழியே வந்ததோ, வழக்கில் இருந்ததை இலக்கணம் எழுதிவைத்ததோ, எவ்வாறாயினும் வாயில் திறந்தே கிடந்தது. சொற்களும் நிலைகுலைந்தன. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்றின் பெயர் பேடு. திருக்குறளிலோ பேடியின் கைவாள் பயனற்றதற்கு உவமையாகிவிட்டது. பிற்கால வழக்கில் பேடி என்றால் கோழை என்றே பொருள். 'அலி' என்பதோ தெருவில் எறியப்படும் வசை.

இந்நிலையில்தான் அவ்வசையைச் சுமந்தவர்கள் தங்களுக்குரிய பெயரைத் தேடினர். கூவாகம் கூத்தாண்டவர் விழாவை ஒட்டி, அரவானை மணந்தோர் என்னும் பொருளில் 'அரவாணி' வழக்கிற்கு வந்தது. அது வசையை நீக்கியது. ஆனால் ஒரு தொன்மக் கதைக்குள் அவர்களை நிறுத்தியது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியம் முதலில் அரவாணிகள் பெயரால் அமைந்து, பின்னர்த் திருநங்கைகள் பெயருக்கு மாறியதிலிருந்தே சொல் நடந்து வந்த தொலைவு விளங்கும். 'திரு', 'நங்கை' இரண்டும் திருவில்லிபுத்தூர் வட்டாரத்திற்கு அயலானவை அல்ல. ஊர்ப்பெயரே திருவைச் சுமக்கிறது. அவ்வூரில் தோன்றிய ஆண்டாள் தம் தோழியை 'நங்காய்' என்று விளிக்கிறார். பெண்ணாகப் பிறந்தவர் என அறியப்பட்டு ஆணாக வாழ்வோருக்குத் 'திருநம்பி' அமைந்தது. இருவரையும் உள்ளடக்கும் பொதுச்சொல் 'திருநர்'. 'மூன்றாம் பாலினத்தவர்' என்பதும் வழங்குகிறது. ஆனால் தம்மைப் பெண் என்றே உணரும் ஒருவரை மூன்றாவது வரிசையில் நிறுத்தும் அந்த எண்ணிக்கையை யார் தொடங்கினார் என்ற கேள்வி எஞ்சுகிறது.

சொல்லுக்குப் பொருள் காண்பது புலவர் வேலை மட்டுமன்று. தூத்துக்குடியில் 2018இல் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலர்கள் மறுத்தனர். மணமகள் திருநங்கை என்பதே காரணம். விருதுநகர் மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருள் விரிந்தது. ஒரு குடும்பம் பதிவேட்டில் இடம்பெற்றது.

ஈர்ப்பைக் குறிக்கும் சொற்களின் கதை வேறு. செய்தித்தாள்கள் நெடுங்காலம் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதின. மனிதர் அனைவரும் ஓரினமே. அவ்வாறாயின் ஊரில் நடக்கும் எல்லாத் திருமணமும் ஓரினச்சேர்க்கைதான்! பிழை அதனோடு நிற்கவில்லை. அன்பு, துணை, வாழ்க்கை யாவற்றையும் ஒதுக்கி, உடற்செயல் ஒன்றையே அச்சொல் காட்டுகிறது. 'தன்பாலீர்ப்பு' மனத்தின் நாட்டத்தைச் சொல்கிறது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கில், இதனைப் புரிந்துகொள்ள நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். 2021 ஜூனில் விரிவான ஆணைகள் பிறப்பித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகைய சொற்களின் தொகுதி 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் வெளியாயிற்று.

'எல்.ஜி.பி.டி.கியூ' என்னும் எழுத்துத்தொடரும் ஒரே நாளில் அமைந்ததன்று. லெஸ்பியன் என்பது கிரேக்கக் கவிஞர் சாப்போ வாழ்ந்த லெஸ்பாஸ் தீவின் பெயரால் அமைந்தது. 'கே' முன்பு மகிழ்ச்சியைக் குறித்தது. இருபாலீர்ப்பினரைக் குறிக்கும் 'பை', திருநரைக் குறிக்கும் 'டிரான்ஸ்' என எழுத்துகள் பின்னர்ச் சேர்ந்தன. 'குயர்' என்பது விந்தையானவர் என இகழ்ந்த வசை. இகழப்பட்டவர்களே அதை எடுத்துத் தம் கொடியாக்கிக்கொண்டனர். தமிழ் அவ்வசையை மொழிபெயர்க்காமல் 'பால்புதுமையினர்' என்றது. அச்சொல்லில் பழைய காயமும் இல்லை. அதை வென்ற பெருமிதமும் இல்லை. அழகிய சொல்லே, எனினும் இன்னும் நாவில் பழகவில்லை.

இத்தனை சொற்களை யார் நினைவில் வைப்பது என்று சலித்துக்கொள்வோர், ஆங்கிலம் 'அங்கிள்' என்று முடித்துவிடும் இடத்தில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எனத் தமிழ்க் குழந்தை மூன்று வயதில் தடுமாறாமல் அழைப்பதை எண்ணிப் பார்க்கலாம். உறவு முக்கியம் என்று கருதிய இடத்தில் மொழி சொல்லைப் பெருக்கிக்கொண்டது.

சில இடங்களில் சொற்கள் இன்னும் மோதிக்கொள்கின்றன. எழுத்துத்தொடரைத் தமிழாக்க முயன்றோருள் சிலர் 'நங்கை, நம்பி, ஈரர், திருநர்' என நிரல்படுத்தினர். அதன்படி நம்பி என்பது தன்பாலீர்ப்புள்ள ஆணைக் குறிக்கும். திருநம்பியோ முற்றிலும் வேறொருவர். இரண்டையும் ஒரே பக்கத்தில் படிப்பவர் மயங்குவது இயல்பு. அங்கே அகராதியைப் புரட்டுவதைவிட, எதிரில் இருப்பவரிடம் "உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும்?" என்று கேட்டுவிடுவது எளிது. 'உங்களை' என்று கேட்கும் அக்கேள்வியில் 'அது' என்னும் சுட்டுக்கே இடமில்லை.