எப்போ நிறுத்தணும்? அதை ஆரம்பிக்கிற அன்னைக்கே எழுதி வைங்க



ஒரு வேலையை எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. ஓடாத வேலையை எப்போ நிறுத்தணும்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம். இன்னும் கொஞ்சம் பார்ப்போமே."

இந்தப் பேச்சை நம்பிப் போன பணமும் வருஷங்களும் கொஞ்சநஞ்சமல்ல. ஆபீஸ் ப்ராஜெக்ட்டா இருக்கட்டும், கடன் வாங்கிப் போட்ட தொழிலா இருக்கட்டும், எல்லா இடத்திலும் இதே கதைதான்.

மருந்து ஆராய்ச்சியில் இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. அது மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறவங்களுக்கும் உதவும்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ரத்தத்தில் எல்டிஎல்னு ஒரு கொழுப்பு இருக்கு, அதை "கெட்ட கொழுப்பு"ன்னு சொல்வோம். எச்டிஎல் "நல்ல கொழுப்பு". எச்டிஎல் அதிகமா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு குறைவா வருதுன்னு ஆய்வுகள் காட்டின.

அப்போ மாத்திரை கொடுத்து எச்டிஎல்லை ஏத்திட்டா மாரடைப்பு குறையுமே? கேட்க நியாயமாதானே இருக்கு.

இந்த யோசனையில் ஃபைசர் நிறுவனம் உருவாக்கிய மருந்துதான் டார்செட்ராபிப். செலவு சுமார் 80 கோடி டாலர். மாரடைப்பு ஆபத்து அதிகம் உள்ள 15,067 பேரை ஆய்வில் சேர்த்தாங்க. எல்லாருக்கும் வழக்கமான ஸ்டாடின் மாத்திரை உண்டு. பாதிப் பேருக்கு அதோட டார்செட்ராபிப், மீதிப் பேருக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை.

ரத்தப் பரிசோதனை முடிவு பிரமாதம். எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது. எல்டிஎல் 25 சதவீதம் இறங்கியது.

2006 நவம்பர் 30 அன்று நிறுவனத்தின் தலைவர் முதலீட்டாளர்கள் முன்னாடி இந்த மருந்தை வானளாவப் புகழ்ந்தார்.

டிசம்பர் 2 அன்று அதே நிறுவனம் மொத்த ஆய்வையும் நிறுத்தியது. மருந்தையும் கைவிட்டது. அந்த நேரத்தில் மருந்து எடுத்தவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள். எடுக்காதவர்களில் 51 பேர்.

ரெண்டே நாளில் எப்படி முடிவெடுக்க முடிஞ்சது?

மருந்தை உருவாக்கினவங்க மட்டும் உட்கார்ந்து பேசியிருந்தால் ரெண்டு வருஷம் இழுத்திருக்கும். "நோயாளிகள் ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்தாங்க", "இன்னும் ஆறு மாசம் பார்த்தா சரியாகிடும்"னு காரணம் கிடைச்சிக்கிட்டே இருந்திருக்கும்.

இங்கே ரெண்டு ஏற்பாடு இருந்தது.

ஒன்று, இடையிடையே கணக்கைப் பார்க்க ஒரு சுயேச்சையான கண்காணிப்புக் குழு. யார் எந்த மாத்திரை சாப்பிடுறாங்கன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்தக் குழு மட்டும் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

இரண்டு, மரணங்களில் எவ்வளவு வித்தியாசம் வந்தால் நிறுத்தணும் என்ற எல்லையை முன்கூட்டியே எழுதி வச்சிருந்தாங்க. தற்செயலா இப்படி ஒரு வித்தியாசம் வர நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புதான் என்ற நிலை வந்தால் நிறுத்தணும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் குழு சொன்னது, ஆய்வு நின்றது.

அந்தக் கோடு இன்னொரு பக்கமும் காப்பாத்தும். முதல் மாசத்தில் நாலு பேருக்கு முடியலைன்னதும் பயந்துபோய் நல்ல மருந்தைத் தூக்கிப் போட விடாது. கோட்டைத் தாண்டாத வரைக்கும் தொடரணும். அவசரப்பட்டு நிறுத்துறதும் நஷ்டம்தானே.

கதை இதோடு முடியலை. இதே வகை மருந்தை வேறு நிறுவனங்களும் முயற்சி பண்ணாங்க.

ரோச் நிறுவனத்தின் டால்செட்ராபிப்பை 2012 மே மாதம் நிறுத்தினாங்க. பெரிய கெடுதல் இல்லை, ஆனால் பலனும் இல்லை. மிச்சக் காலம் ஓட்டினாலும் பலன் தெரியாதுன்னு இடைக்காலக் கணக்கு காட்டியது.

எலை லில்லியின் எவாசெட்ராபிப் 2015 அக்டோபரில் நின்றது. எச்டிஎல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மாரடைப்பு குறையவில்லை.

கடைசியா மெர்க் நிறுவனத்தின் அனாசெட்ராபிப். 30,000க்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் நான்கு வருடம் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது, மருந்து வேலை செய்தது! மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 11.8 சதவீதத்திலிருந்து 10.8 ஆகக் குறைந்தன. நூறு பேருக்கு ஒருவர். ஆனால் மருந்து உடல் கொழுப்பில் நீண்ட காலம் தங்குவதும் தெரிந்தது. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து, விற்பனைக்கு அனுமதியே கேட்கப்போவதில்லை என்று அந்த வருடம் அக்டோபரில் அறிவித்தார்கள்.

ஆக நிறுத்துறதில் மூணு வகை இருக்கு.

கெடுதல் செய்யுது, அதனால் நிறுத்துறது.
பலன் இல்லை, அதனால் நிறுத்துறது.
பலன் இருக்கு, ஆனால் கொடுக்கிற விலைக்குக் கட்டுப்படியாகலை, அதனால் நிறுத்துறது.

முதல் வகை எல்லாருக்கும் புரியும். நம்ம வேலைகளில் அதிகம் மாட்டிக்கிறது ரெண்டாவதிலும் மூணாவதிலும்தான். யாரும் சாகலை, எதுவும் எரியலை. வேலை பாட்டுக்கு ஓடுது, சம்பளமும் நேரமும் கரையுது.

இன்னொண்ணும் கவனிங்க. இந்த நாலு மருந்திலும் எச்டிஎல் ஏறியது. அளக்க எளிதான நம்பர் ஏறிக்கிட்டே இருந்தது. வேண்டியிருந்தது மாரடைப்பு குறையணும் என்பது. ஆபீஸிலும் அப்படித்தான். ஆப் டவுன்லோட் ஏறும், மீட்டிங் எண்ணிக்கை ஏறும், ரிப்போர்ட் பக்கம் ஏறும். எதுக்காக ஆரம்பிச்சோமோ அது மட்டும் அசையாது. அந்த மாதிரி நேரத்தில் ஏறுகிற நம்பரைக் காட்டித்தான் ப்ராஜெக்ட்டை இழுப்பாங்க.

சரி, நாம என்ன செய்யலாம்?

ஆரம்பிக்கிற அன்னைக்கே ஒரு தாளில் மூணு வரி எழுதுங்க.

1. எது நடந்தால் இது வெற்றி? எளிதா அளக்க முடியுறதை எழுதாம, உண்மையா வேண்டியதை எழுதுங்க.

2. எந்தத் தேதியில், எந்த அளவு வரலைன்னா நிறுத்துவோம்? தேதியும் நம்பரும் கட்டாயம்.

3. கணக்கு பார்க்கிறது யார்? இந்த வேலையால் பெயரோ பதவியோ கிடைக்காத ஒருத்தர். வீட்டுத் தொழில்னா, முகத்துக்கு நேரா பேசுற அக்காவோ மாமாவோ போதும்.

போட்ட பணம் இந்தத் தாளில் எங்கேயும் வராது, கவனிச்சீங்களா? 80 கோடி டாலர் போனது போனதுதான். தொடர்ந்திருந்தாலும் அது திரும்பி வந்திருக்காது. கூடுதலா உயிர்கள் போயிருக்கும்.

வார்டில் நாங்க தினமும் இதன் சின்ன வடிவத்தைச் செய்றோம். கிருமி எதுன்னு தெரியும் முன்பே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டி வரும். அப்போதே 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபடி பார்க்கணும்னு கணக்கு உண்டு. கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் தொடரலாமா, மாத்தலாமா, நிறுத்தலாமான்னு முடிவு. அப்படி நிறுத்தினால் யாரும் டாக்டர் தோத்துட்டார்னு சொல்றதில்லை. அதுவும் சிகிச்சைதான்.

உங்க ஆபீஸிலும் "நிறுத்தலாம்"னு முதலில் சொல்றவரைத் துரோகி மாதிரி பார்க்காதீங்க. அவர் சொன்ன கணக்கைப் பாருங்க.

முக்கியமா ஒண்ணு. இதைப் படிச்சிட்டு டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திடாதீங்க. இந்த நாலு மருந்தும் கடைக்கே வரலை. நீங்க சாப்பிடுறது பெரும்பாலும் ஸ்டாடின். அது பலன் தருதுன்னு நிரூபணமான மருந்து.

இப்போ நீங்க இழுத்துக்கிட்டு இருக்கிற வேலை ஏதாவது இருக்கா? இன்னைக்கே அந்த மூணு வரியை எழுதிப் பாருங்க.