'லி' ஒட்டிவிட்டால் இலக்கணம் ஆகிவிடுமா?

ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று கிளம்பியிருக்கும் கூட்டத்திடம் ஒரு மந்திரம் இருக்கிறது. பெயர்ச்சொல்லைச் சொன்னால் அட்ஜெக்டிவ். வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் வந்தால் அட்வெர்ப். அட்வெர்ப் என்றால் வாலில் ஒரு 'லி' ஒட்டு. அவ்வளவுதான், வகுப்பு முடிந்தது, டீ பிஸ்கட் சாப்பிடலாம்.

இந்த அரைவேக்காட்டு மந்திரத்தை வைத்துக்கொண்டு புனேயிலும் குருகிராமிலும் பெங்களூரிலும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளைப் படுத்துகிற பாடு இருக்கிறதே, பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. 'ஹவ் ஆர் யூ' என்றால் 'ஐ ஆம் குட்' என்று ஒரு பையன் சொல்வான். உடனே ஒரு மேதாவி 'குட் இல்லப்பா, வெல்' என்று சபை நடுவே திருத்துவார். அய்யா மேதாவி, அந்த வாக்கியத்தில் இருப்பது 'ஆம்'. அதற்குப் பின்னால் அட்ஜெக்டிவ்தான் வரும். நீங்கள் சிபாரிசு செய்யும் 'வெல்'கூட அந்த இடத்தில் 'உடல்நலத்தோடு' என்று பொருள்படும் அட்ஜெக்டிவ்தான். பையன் பேசியதில் தப்பே இல்லை. ஆனால் அடுத்த மீட்டிங்கில் அவன் வாயைத் திறக்கமாட்டான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்த மந்திரத்தை நம்பினால் என்ன ஆகும்? 'ஹார்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வினைக்குப் பக்கத்தில் வருகிறதே என்று 'லி' ஒட்டினால் 'ஹார்ட்லி'. அப்ரைசல் படிவத்தில் 'ஹீ ஹார்ட்லி வொர்க்ட்' என்று மேனேஜர் எழுதினால், ராப்பகலாக உழைத்தவன் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். இன்க்ரிமென்ட் கோவிந்தா! 'லேட்' வேறு, 'லேட்லி' வேறு. 'நியர்' வேறு, 'நியர்லி' வேறு. 'ஃபாஸ்ட்' என்பதற்கு 'ஃபாஸ்ட்லி' என்று ஒன்று இல்லவே இல்லை. 'ஃபிரெண்ட்லி', 'லவ்லி', 'காஸ்ட்லி' மூன்றும் 'லி'யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ்கள். வாலைப் பார்த்துச் சாதி சொல்கிற வேலை ஆங்கிலத்தில் செல்லாது.

சரி, நம் ஆட்கள் எங்கே உண்மையில் தடுக்குகிறார்கள்? இதை எந்த டிரெய்னரும் யோசிப்பதில்லை. தமிழில் 'சாப்பாடு நன்றாக இருக்கிறது', 'அவர் நன்றாகப் பாடுகிறார்'. இரண்டு இடத்திலும் 'ஆக' போட்ட வினையடை. அதனால் நம்மாள் 'ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' என்று சொல்லிவிடுகிறான். இந்திக்காரனுக்கு 'கானா அச்சா ஹை', 'வோ அச்சா காதா ஹை'. இரண்டு இடத்திலும் அதே 'அச்சா'. அதனால் அவன் 'ஹீ சிங்ஸ் குட்' என்கிறான். நம் மொழியும் அவன் மொழியும் ஒரே வடிவத்தில் முடித்துக்கொள்கிற இடத்தை ஆங்கிலம் 'குட்', 'வெல்' என்று இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் சறுக்குகிறார்கள். இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து 'லி ஒட்டு' என்று சொன்னால், இந்திக்காரனுக்குப் பாதி உபயோகம். நம்மாளுக்கோ எரிகிற நெருப்பில் எண்ணெய்!

சொல்லித்தர வேண்டியது ரொம்ப எளிது. வினைச்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். பொருள் ஏறக்குறைய நின்றால் அட்ஜெக்டிவ். 'தி காஃபி டேஸ்ட்ஸ் குட்', காபி நல்லது, நிற்கிறது. 'ஹீ லுக்ட் ஆங்ரி', அவன் கோபமாக இருந்தான், நிற்கிறது. 'ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ', இதில் 'வாஸ்' போட்டால் வாக்கியமே உடைகிறது. அங்கே பார்ப்பது என்பது ஒரு செயல், அதற்கு அட்வெர்ப். லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் என்ற ஐந்து வினைகளுக்கு இந்தச் சோதனை பழகினாலே முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

'அப்படியானால் கோ ஸ்லோ என்று ரோட்டோரம் எழுதியிருக்கிறார்களே, அதுவும் சரியா' என்று கேட்பீர்கள். சரிதான். பழைய ஆங்கிலத்தில் பல அட்வெர்ப்கள் அட்ஜெக்டிவோடு 'எ' என்ற ஈறு சேர்ந்து உண்டானவை. காலப்போக்கில் அந்த ஈறு தேய்ந்துபோக, இரண்டும் ஒரே உருவத்தில் நின்றுவிட்டன. 'ஸ்லோ', 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' எல்லாம் இந்தப் பழைய குடும்பம். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'லி' இல்லாத அட்வெர்ப்கள் சர்வசாதாரணம். 1762-ல் இலக்கணப் புத்தகம் போட்ட ராபர்ட் லவுத் போன்றவர்கள்தான் அட்ஜெக்டிவ் உருவத்தை அட்வெர்பாக எழுதுவது முறையல்ல என்று கண்டித்தார்கள். அந்தக் கண்டிப்பின் எச்சில்தான் இன்று நம் டிரெய்னர்கள் கையில்.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லவில்லை. கிளையன்டுக்குப் போகும் மடலில் 'ரியல் குட்' என்று எழுதினால் திருத்தத்தான் வேண்டும். தனியாகக் கூப்பிட்டு, காரணத்தோடு திருத்துங்கள். காரணம் தெரியாதா? அப்போது வாயை மூடிக்கொண்டு அவன் எழுதிய கோடைப் பாருங்கள். அது ஓடுகிறதா இல்லையா என்பதற்காகத்தான் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.