கன்றுகளின் கணக்கும் இனங்களின் கணக்கும்

தாவரங்களைக் காப்பது என்றால் மரக்கன்று நடுவது என்று நம் நாட்டில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இத்தனை இலட்சம் கன்றுகள், இத்தனை மணி நேரத்தில், இத்தனை மாணவர்களால் என்று ஆண்டுதோறும் அறிக்கைகள் வருகின்றன. நட்டவை யாவை, அவை அந்த மண்ணுக்கு உரியவையா, அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் ஒன்றேனும் அவற்றுள் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. கேட்பவருக்குப் ‘பசுமையின் பகைவர்’ என்ற பட்டம் காத்திருக்கிறது. அப்பட்டத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு இதை எழுதுகிறோம். ஓர் இனத்தைக் காக்கும் திட்டம் எண்ணிக்கையில் தொடங்கக் கூடாது. அவ்வினம் எப்படிப் பிறந்து, வளர்ந்து, பெருகுகிறது என்பதில் தொடங்க வேண்டும்.

தமிழ் கற்பிப்போராகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது குறிஞ்சி. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து மடிந்துபோகிறது. மூணாறு, கொடைக்கானல் மலைகளில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030. அடுத்த தலைமுறை முழுவதும் அந்த ஒரு பருவத்தின் விதையை நம்பி இருக்கிறது. இடையில் அந்தச் சரிவு விடுதியாகவோ தோப்பாகவோ மாறினால் கதை முடிந்தது. நம் திட்டங்களின் ஆயுளோ மூன்றாண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டு. திட்டம் தொடங்கி, நிதி தீர்ந்து, நிறைவறிக்கை அச்சாகி, அதிகாரியும் மாற்றலாகிப் போன பின்னும் குறிஞ்சி ஒருமுறைகூடப் பூத்திராது! 2024-இல் உலகச் சிவப்புப் பட்டியல் அதனை அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்தது.

அது வாழும் நிலத்துக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் சோலையும் புல்வெளியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. புல்வெளியில் மரமில்லை; ஆகவே அது தரிசு என்று ஆங்கிலேயர் முடிவு கட்டினர். அவர்கள் போன பிறகும் முடிவு மாறவில்லை. சீகை எனப்படும் வாட்டிலும், கற்பூர மரமும், பைனும் புல்லின்மேல் ஏற்றப்பட்டன. மரம் நட்டே தாவர இனங்களை அழித்த வரலாறு இது. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்தது நல்லதே. ஆனால் சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கக்கூடியது. ஒருமுறை வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் மறு மழையில் அது மீண்டும் எழும். இருபது ஆண்டு களையெடுப்புக்குக் கூலி ஒதுக்காத திட்டத்தை எப்படித் திட்டம் என்பது?

விதையைச் சேமித்து வைத்தால் போதாதா என்பர். உலகத் தாவரப் பாதுகாப்பு உத்தி 2002-இல் ஏற்கப்பட்டபோது, அழிவாய்ப்புள்ள இனங்களில் 60 விழுக்காட்டை 2010-க்குள் வாழிடத்துக்கு வெளியே சேகரித்து வைக்க வேண்டும் என்றது; பின்னர் அதுவே 2020-க்குள் 75 விழுக்காடு என உயர்ந்தது. விதையை உலர்த்திச் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் வைக்கும் விதை வங்கிதான் இதற்கு எளிய வழி. குளிர்நாட்டுப் புல்லுக்கும் பூண்டுக்கும் அது பொருந்தும். பலாக்கொட்டையை அப்படிக் காயவைத்துப் பாருங்கள்; முளைக்காது. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை இத்தன்மையதே. தென்கேரளச் சதுப்புகளில் நிற்கும் காட்டுச் சாதிக்காயின் விதை உலர்ந்தால் செத்துவிடும். ஈரத்தில் விழுந்து உடனே முளைக்க வேண்டும். அதை விழுங்கித் தொலைவில் கொண்டுபோய்ப் போட இருவாச்சி வேண்டும். சதுப்பு நெல்வயலானால் எந்தப் பெட்டிக்குள் எதை வைத்துக் காப்பது? வெப்ப நாடுகளுக்கு வேண்டியது உயிரோடு வளர்க்கும் தோட்டம். அதனினும் முதலாக, வாழிடம். வயநாட்டில் வுல்ஃப்காங் தாயர்காஃப் 1981-இல் தொடங்கிய குருகுலத் தாவரச் சரணாலயம் அத்தகையது. அங்கே ஊர்ப் பெண்களே ஆர்க்கிட்டையும் பெரணியையும் இனம் பிரித்தறிந்து வளர்க்கிறார்கள். இத்தகைய கை நுட்பத்துக்கு அரசின் வரவுசெலவில் தலைப்பே கிடையாது.

சட்டத்தின் கண்ணும் விலங்கின்மேல்தான். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் தாவரங்களுக்கெனச் சேர்த்த அட்டவணையில் இருந்தவை ஆறே பதிவுகள். பூக்கும் தாவரங்கள் மட்டுமே 17,000-க்கும் மேற்பட்ட நாட்டில், 2022-இல் சட்டம் திருத்தப்படும்வரை முப்பது ஆண்டுகளுக்கு அந்த ஆறு போதுமென்று இருந்துவிட்டார்கள்.

கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைத் தனித்தனியே பெயர் சொல்லி அழைத்தார். நம் நடவு அறிக்கைகளுக்கு ‘இதர வகைகள்’ என்ற ஒற்றைச் சொல் போதுமானதாக இருக்கிறது. இதைப் புலவர்களின் பெயர்ப்பித்து என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பெயரில்லாத ஒன்றுக்கு எவரும் நிதி ஒதுக்கியதில்லை.

2030-இல் குறிஞ்சி பூக்கும்போது சுற்றுலாப் பேருந்துகளை எங்கே நிறுத்துவது என்ற வரைபடம் தயாராகிவிடும். அதில் நமக்கு ஐயமில்லை. எந்தச் சரிவில் விதை விழும், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அச்சரிவு யார் பொறுப்பு என்ற வரைபடம் யாரிடம் இருக்கிறது?