குயிலுக்குப் புள்ளி உண்டா?



பறவைப் பாட்டு என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாசாரம். நாங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டோமே!" என்பீர்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் அந்தப் படப் பாட்டுப் புத்தகங்களுக்காக வாதாட வந்திருக்கிறேன். ஆனால், அவற்றின்மேல் எனக்கு ஒரு புகாரும் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஒரு பழுப்புப் பறவை வந்து அமரும். அதன் உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். பாட்டி அதைக் குயில் என்றார். அப்படியே வரைந்து, கீழே 'குயில்' என எழுதி, வகுப்பில் காட்டினேன். சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. "குயில் கறுப்பு. புத்தகத்தைப் பார்!" என்றார் ஆசிரியர். பார்த்தேன். பாட்டில் குயில் ஒரு பெண். அவள் இனிமையாகக் கூவுகிறாள். பக்கத்திலேயே கன்னங்கரேல் என்று ஒரு குயிலின் படம்.

உண்மை என்ன? கறுப்பாக இருப்பது ஆண் குயில். அதன் கண்கள் சிவப்பு. குரலை மேலும் மேலும் உயர்த்திக் கூவுவதும் அதுவே. புள்ளிகள் கொண்ட பழுப்புப் பறவைதான் பெண் குயில். அது 'கிக் கிக்' என்று கத்தும். ஆக, அந்தப் பக்கத்தில் பாட்டும் படமும் ஒன்றையொன்று மறுத்தன. எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு நேர்ந்த நட்டம் மதிப்பெண் அன்று. கண்ணால் கண்டது தவறு, அச்சில் இருப்பதே சரி என்று நம்பிவிட்டேன். அதன்பின் பல ஆண்டுகள் அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கவேயில்லை.

"அப்படியானால் பாட்டில் கற்பனையே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கலாம். இங்கிலாந்தின் எட்வர்டு லியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1830இல், தம் 18ஆம் வயதில், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரையத் தொடங்கினார். உங்களைவிடச் சில வயதே மூத்தவர்! அவர் வரைந்த கிளிப் படங்களைப் பறவையியலார் இன்றும் போற்றுகின்றனர். ஒரு நீலநிறப் பெருங்கிளி இனத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அதே லியர்தான் பிற்காலத்தில் ஆந்தையும் பூனையும் படகேறிச் செல்லும் வேடிக்கைப் பாட்டையும் எழுதிப் படமும் வரைந்தார். அந்த ஆந்தையைக் கண்டு யாராவது ஏமாறுவார்களா? மாட்டார்கள். வேடிக்கை என்று தெரிந்த படம் தீங்கு செய்யாது. உண்மை போலத் தோன்றும் தவறான படமே தீங்கு செய்யும். கவிஞர் கற்பனை செய்யட்டும். ஓவியர் மட்டும் ஒருமுறை பறவையைப் பார்த்துவிட்டு வரையட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

சரியான படமாக இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மயிலின் நீலமும் பச்சையும் அச்சு மையைப் போன்ற சாயம் அல்ல. தோகை இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தண்டுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளுள் சில ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில அழிந்துபோகின்றன. இதனைக் குறுக்கீட்டு விளைவு என்கிறோம். மயிலிறகை நீரில் நனைத்தால் அந்த வண்ணங்கள் மங்கி மறைவதை இராபர்ட் ஹூக் 1665இலேயே தம் நூலில் எழுதி வைத்தார். உதிர்ந்த மயிலிறகு ஒன்று கிடைத்தால் வெயிலில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறும். எந்தப் புத்தகத்தின் படம் அப்படி மாறும்?

ஆகவே, தம்பி தங்கையரின் பாட்டுப் புத்தகத்தை இன்றே கேட்டு வாங்குங்கள். ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு சொல்வதென்ன, படம் காட்டுவதென்ன, உங்கள் தெருவில் அப்பறவை செய்வதென்ன என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். பிறகு நீங்களே நான்கு வரி எழுதிப் படமும் வரையுங்கள்.

அதற்கும் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் சோர்ந்துவிடாதீர்கள். என்னைப் போல மரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடாமல், ஆசிரியரையும் மரத்தடிக்கு அழைத்து வாருங்கள்!