முதல் தீர்ப்பே முடிவான தீர்ப்பா?

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம்முள் சிலர் சிரிப்பதும், சிலர் ஒளிந்து அழுவதும் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. அன்று கிடைப்பது வாழ்நாள் தீர்ப்பா? இல்லை என்பதே என் கருத்து. ஓர் அமெரிக்க விளையாட்டு வீரரின் வாழ்வே அதற்குச் சான்று.

1971-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர் கர்ட் வார்னர். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையால் எறிவதும் ஏந்தி ஓடுவதுமே மிகுதி. அணியின் பதினொருவருள் பந்தைப் பெற்று, யாரிடம் எறிவது என்று நொடியில் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். வார்னர் விரும்பியது அந்த இடத்தையே.

1994-இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. பயிற்சிக்கு அழைத்த கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் திருப்பி அனுப்பிவிட்டது. பிழைப்புக்காக அவர் ஓர் அங்காடியில் இரவு நேரத்தில் அலமாரிகளில் மளிகைப் பொருள்களை அடுக்கினார். கூலி மணிக்கு ஐந்தரை டாலர். ஆயினும் பந்தைக் கைவிடவில்லை. உள்ளரங்க அணியிலும், 1998-இல் ஆம்ஸ்டர்டாம் நகர அணியிலும் ஆடினார்.

1999-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் காயமுற்றதால், மாற்று வீரரான வார்னர் களமிறங்கினார். அவ்வாண்டின் தலைசிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. 2000 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் ராம்ஸ் 23–16 என்று வென்றது.

"எல்லாம் அதிர்ஷ்டம்" என்பர் சிலர். வாய்ப்பு வந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஆனால், அது வந்த அன்று அவர் ஆயத்தமாக இருந்தது அதிர்ஷ்டமன்று. எவரும் கைதட்டாத ஐந்து ஆண்டுகளின் உழைப்பு அது. பின்னாளில் அவர் இடமிழந்ததும் உண்டு. ஆயினும் 37 வயதில் அரிசோனா அணியை 2009 இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்றார், அதில் தோற்றார். 2017-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

அவரை அன்று வேண்டாம் என்றவர்கள் ஆட்டம் அறிந்த வல்லுநர்களே. அவர்களே தவறினர் என்றால், பெற்றோரும் ஆசிரியைகளும் ஒரு மதிப்பெண் தாளைக் கொண்டு "இவளுக்குப் படிப்பு வராது" என்று சொல்லலாமா? பணிவுடன் கேட்கிறேன்.

தோழியரே, முயல்வோர் அனைவரும் வெற்றிக் கோப்பை பெறுவதில்லை. அலமாரி அடுக்கும் வேலையும் இழிவன்று. ஆனால், இரண்டாம் வாய்ப்பு எல்லோருக்கும் வேண்டும். மறுதேர்வு எழுதும் தோழியைக் கண்டு நகைக்காமல், அவளருகில் அமர்ந்து படிப்போம்!

— பதினோராம் வகுப்பு மாணவி