தோளோடு தோள்



கொள்ளைநோய் ஒன்று விலகத் தொடங்குவதை எதைக் கொண்டு அறிகிறோம்? 2021 அக்டோபர் 17 அன்று மக்காவின் ஹரம் ஷரீஃபில், தொழுவோர் இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தரையில் ஒட்டப்பட்டிருந்த குறிகள் அகற்றப்பட்டன. கொரோனாவினால் 2020 முதல் பிரிந்து நின்றவர்கள் மீண்டும் தோளோடு தோள் சேர்ந்து ஸஃபில் நின்றனர். ஆயினும் முகக்கவசமும் தடுப்பூசியும் அன்றும் கட்டாயமாகவே இருந்தன. நம்பிக்கை வேறு, கவனக்குறைவு வேறு.

ஹஜ்ஜும் படிப்படியாகவே மீண்டது. 2019இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் நிறைவேற்றிய அக்கடமையை, 2020இல் சவூதியில் வசித்தவர்களுள் மிகச் சிலரே நிறைவேற்றினர். 2021இல் சுமார் 60,000 பேர். 2022இல் ஏறத்தாழ 9 லட்சம். 2023இல் 18 லட்சத்துக்கும் மேல். அல்ஹம்துலில்லாஹ்!

ஸஃபின் இடைவெளி நிரம்பிவிட்டது. அந்நோய்க்குக் குடும்பத் தலைவரைப் பறிகொடுத்த வீட்டின் இடைவெளி? அன்று சோறும் ஆறுதலும் சுமந்து சென்ற நாம், இன்று அவ்வாசலைக் கடந்து போகிறோம். அங்கே வளரும் எத்தீம் பிள்ளைகளின் படிப்புச் செலவை யார் ஏற்கிறார்? இன்றே சென்று ஸலாம் கூறி விசாரியுங்கள். அவ்வீட்டார் முகத்தில் தெளிவு பிறக்கும் நாளில்தான் பெருநோய் நம் தெருவை விட்டு நீங்கியதாகப் பொருள்.