மூளைப் படமும் தோட்டத்துப் பிள்ளையும்

“தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது” என்னும் கூற்று மலையகத்துக்குப் புதியதன்று. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என ஊவாவின் தேயிலை மலைகள் விரிந்து கிடக்கும் இடமெங்கும் அது தலைமுறை தலைமுறையாக உலவி வருகின்றது. மூளையைப் படம்பிடிக்கும் விஞ்ஞானம் வளர்ந்துள்ள இக்காலத்தில், அப்பழங்கூற்று புதிய ஆடை புனைந்து வர இடமுண்டு. ஆதலின் அவ்விஞ்ஞானம் உண்மையில் கூறுவது யாதென ஆராய்தல் வேண்டும்.

பெருமூளையைப் போர்த்தியுள்ள சாம்பல்நிறப் படையே மூளைய மேற்பட்டை எனப்படும். மொழிக்கும் நினைவுக்கும் சிந்தனைக்கும் இன்றியமையாத இப்படை, சராசரி 2.5 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. எனினும் ஏறத்தாழ 1,600 கோடி நரம்புக் கலங்களைத் தன்னகத்தே கொண்டது. உடலிலுள்ள நீரின் ஐதரசன் கருக்களை வலிய காந்தப் புலத்தில் தூண்டிப் படம்பெறும் எம்.ஆர்.ஐ. கருவி, மண்டையோட்டைத் திறவாமலே இப்படையின் தடிப்பையும் பரப்பையும் அளக்க உதவுகின்றது.

2015இல் கிம்பர்லி நோபிள் முதலிய ஆய்வாளர், அமெரிக்காவில் 3 முதல் 20 வயது வரையான 1,099 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தனர். குடும்ப வருவாய் குறைந்தோரிடத்து மேற்பட்டையின் பரப்பும் சராசரியிற் குறைந்திருந்தது. இவ்வொரு வரியை மட்டும் பிரித்தெடுத்து, “ஏழையின் மூளை சிறியது” என முழங்குவோர் எஞ்சியவற்றை மறைக்கின்றனர். வம்சாவளி வேறுபாட்டைக் கணக்கிற் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நிலைத்தது. மிக வறிய குடும்பங்களிடையே வருவாயில் ஏற்படும் சிறு வேறுபாடும் பரப்பிற் பெரிய வேறுபாட்டுடன் இணைந்திருந்தது. படம் காட்டுவது ஒரு நிலையை. அந்நிலையின் காரணத்தை அன்று. பிள்ளையின் தலைவிதியையும் அன்று.

தலையை அளந்து தரம் பிரித்த கதை ஊவாவுக்குப் புதியதா? இன்றும் தம்பானையில் வாழும் வேடர் இனத்தவரை, 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த சரசின் உறவினர் இருவர் அளந்தனர். மண்டையோடுகளையும் பாசல் நகருக்குக் கொண்டு சென்றனர். அம்மக்களை மனித வளர்ச்சியின் தொல்படியினர் என வகுத்தனர். அளவுகள் எண்களாக இருந்தன. முடிவோ முன்னரே உள்ளத்தில் இருந்தது. அன்றைய அளவுகோலின் இடத்தில் இன்று காந்தக் கருவி நிற்பதனால் மட்டும் அவ்வாபத்து நீங்கிவிடாது.

2022இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் படங்களைத் திரட்டி, மனித மூளையின் வளர்ச்சி வரைபு வெளியிடப்பட்டது. அதில் பெரும்பங்கு ஐரோப்பாவினதும் வட அமெரிக்காவினதுமே. அவ்வரைபை நமுனுகுலை மலைப் பிள்ளைக்கு அப்படியே பொருத்துதல் எவ்வாறு நீதியாகும்?

பிள்ளையின் தலைக்குள் காரணம் தேடுமுன் லயத்தின் கதவைத் திறந்து பார்த்தல் நன்று. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970கள் வரை பெரும்பாலும் அதன் புறத்தேயே விடப்பட்டன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றோராக்கியது. 2016இன் அரசாங்கச் சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். இவ்வுண்மையைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படவில்லை, அளவு நாடா ஒன்றே போதுமாயிருந்தது.

ஆய்வே வேண்டா என்பது இதன் பொருளன்று. 2024இல் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்சீவல்களிற் பதிவுசெய்து, “தரணி” என்னும் பெயரில் உலகினர் யாவர்க்கும் வழங்கியது. மேற்பட்டையின் நரம்புக் கலங்களிற் பெரும்பாலானவை தாயின் வயிற்றிலேயே தோன்றுவன. எனவே கூடை சுமந்து மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் தாயின் உணவும் ஓய்வும் மூளை விஞ்ஞானத்தின் முதற் பாடமாதல் வேண்டும்.

ஊவாவின் பிள்ளைகளைப் படம்பிடிக்க எவரேனும் வருவாராயின், பெற்றோர்க்குத் தமிழில் விளக்கிச் சம்மதம் பெறுக. முடிவை அவர்களிடமே முதலிற் சொல்லுக. ஆனால் படம் வரும்வரை பாலும் ஆசிரியரும் காத்திருக்க வேண்டும் என எவரும் கூறற்க. பசித்த பிள்ளைக்குச் சோறு வழங்கச் சான்றுப் பத்திரம் கேட்கும் சமுதாயம், தன் மூளையையே முதலிற் படம்பிடித்துப் பார்த்துக்கொள்வதாக!